சாய்ந்தது சுவரா, கேமராவா?

ஏற்காட்டுக்குப் போய் வந்த யாருடைய போனையாவது வாங்கி, கேலரியைத் தள்ளிப் பாருங்கள். ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் குடும்பம், பகோடா பாயின்ட்டில் காற்றில் பறக்கும் துப்பட்டா. இவற்றுக்கு நடுவே கட்டாயம் ஒரு சில்வர் ஓக் தோப்பும் இருக்கும். காபிச் செடிகளுக்கு நிழல் கொடுத்தபடி, மிளகுக் கொடியைச் சுமந்தபடி, அறுபது எழுபது அடிக்கு நெட்டுக்குத்தாக நிற்கும் மரங்கள். படத்தில் மட்டும் அவை உச்சந்தலைகளை ஒன்றோடொன்று சேர்த்துவைத்து ரகசியம் பேசிக்கொண்டிருக்கும்.

போன் மேல் தப்பில்லை. உயரமான ஒன்றை முழுதாகப் பிடிக்க நாம் போனை அண்ணாந்து பிடிக்கிறோம். அந்த நொடியில் உள்ளே இருக்கும் சென்சாரும் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. மரத்தின் அடி பக்கத்தில் இருக்கிறது, உச்சி தூரத்தில் இருக்கிறது. தூரத்தில் இருப்பது சிறிதாகத்தானே தெரியும்? தண்டவாளம் போகப் போக ஒன்றுசேர்வதுபோலத் தெரிகிறதே, அதே கதைதான். நேரில் பார்க்கும்போதும் கண்ணில் விழுவது இதுதான். ஆனால், 'மரம் நேராகத்தான் நிற்கிறது' என்று மூளை திருத்திக்கொள்கிறது. படத்தைப் பார்க்கும்போது அந்தத் திருத்தம் நடப்பதில்லை.

சமவெளி ஊர்களில் இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. நாலு எட்டு பின்னால் போய் நின்றுகொள்ளலாம். சேர்வராயன் மலையில் அந்த வசதி கிடையாது. இங்கே எந்தக் கட்டடமும் மலைச்சரிவை வெட்டி, மேடை போட்டு, அதன் மேல்தான் நிற்கிறது. முன்னால் ஒரு சின்ன வாசல், அதற்குக் கீழே சாலை, சாலைக்கும் கீழே சரிவு. பின்னால் போனால் காபிச் செடிக்குள் விழ வேண்டியதுதான். அதனால் ஒற்றை மாடிக் கட்டடத்தைக்கூட இங்கே அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. சேலத்தில் நேராக நிற்கும் வீடு, ஏற்காட்டில் படமெடுத்தால் மல்லாந்து சாய்கிறது. (சேர்வராயன் கோயில் இதற்கு விதிவிலக்கு. அந்தக் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும்.)

பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சேலத்தில் முப்பது வருடத்துக்கு மேல் போட்டோ ஸ்டுடியோ நடத்தி, பிறகு மூடிவிட்ட 68 வயதுக்காரர் ஒருவருக்கு மட்டும் அது மான அவமானப் பிரச்னை. காரணம், அவருடைய அப்பா கொத்தனார்.

நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கருங்கல்லால் கட்டிய பழைய குடோன் ஒன்று இருக்கிறது. களத்தில் காயவைத்த காபிக்கொட்டையை மூட்டை கட்டி அடுக்கிவைத்த இடம். அதன் முகப்புச் சுவர் நாற்பது அடி அகலம். உச்சியில் முக்கோணமாக முடியும். அந்தச் சுவர் எழும்பியபோது இவருக்கு ஏழு வயது. தூக்குக்குண்டின் நூல் ஆடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஒவ்வொரு வரி கல் வைத்ததும் அப்பா நூலை இறக்குவார். குண்டு அசைவு நிற்கும் வரை யாரும் பேசக் கூடாது. நூலுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி ஒரே அளவில் இருந்தால்தான் அடுத்த வரி. இல்லையென்றால் கல்லைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் வைக்க வேண்டும். அப்பா கட்டிய மற்ற கட்டடங்கள் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டன. மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

எஸ்டேட் கைமாறியது. குடோனை இடிக்கப்போகிறார்கள் என்ற தகவல் சேலத்துக்கு வந்தது. சுவர் பலமிழந்துவிட்டது, அடுத்த மழைக்குத் தாங்காது என்பது எஸ்டேட் தரப்பில் சொன்ன காரணம். அவர் அதை நம்பவில்லை. "காட்டேஜ் கட்ட இடம் வேணும், அதுக்கு ஒரு சாக்கு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். தெரிந்தவர்கள் எடுத்து அனுப்பிய போன் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் சுவர் பின்னால் சாய்ந்து கிடந்தது. அப்பாவின் சுவரைப் பற்றி உலகத்தில் தங்கப்போகும் ஒரே சாட்சி இப்படிக் கோணலாக இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. பீரோவுக்கு மேலிருந்து பழைய அலுமினியப் பெட்டியை இறக்கினார்.

உள்ளே இருந்தது ஒரு பென்டாக்ஸ் 67. நாம் கையில் பிடிக்கும் எஸ்.எல்.ஆர் கேமராவை உப்பவைத்ததுபோல இருக்கும். லென்ஸோடு சேர்த்தால் இரண்டு கிலோவைத் தாண்டும். 120 என்ற அகலமான ஃபிலிம் போட வேண்டும். ஒரு ரோலில் பத்தே பத்து படம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டருக்கு ஏழு. அதோடு 75 மில்லிமீட்டர் ஷிஃப்ட் லென்ஸ். கல்யாணங்களுக்கு இடையே மில்களுக்கும் சேகோ ஃபேக்டரிகளுக்கும் காலண்டர் படம் எடுத்துக் கொடுத்த காலத்தில், புகைபோக்கிகள் சாயாமல் இருக்க வேண்டுமே என்பதற்காக, சென்னையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது.

ஷிஃப்ட் லென்ஸ் செய்வது ஒரே ஒரு வேலை. அது நகரும். கேமராவை அசைக்காமல், லென்ஸை மட்டும் ஒரு திருகைத் திருகி மேலேயோ கீழேயோ பக்கவாட்டிலோ தள்ளலாம். சாதாரண லென்ஸ் ஃபிலிமை மூடும் அளவுக்குத்தான் ஒளி வட்டத்தை உள்ளே வீசும். ஷிஃப்ட் லென்ஸ் அதைவிடப் பெரிய வட்டத்தை வீசும். பெரிய போர்வைக்குள் படுத்திருப்பவர் எந்தப் பக்கம் புரண்டாலும் போர்வை விலகாது இல்லையா? அப்படி அந்த வட்டத்துக்குள் ஃபிலிம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எனவே கேமராவை அண்ணாந்து பிடிக்கத் தேவையில்லை. ஃபிலிம் சுவருக்கு நேராக, செங்குத்தாகவே நிற்கும். லென்ஸ் மட்டும் மேலே ஏறி உச்சியை எட்டிப்பார்க்கும். ஃபிலிம் சாயாதவரை சுவரும் சாயாது.

கணக்கு போட்டால் இன்னும் தெளிவாகும். குடோன் சுவரிலிருந்து அவரால் அதிகபட்சம் அறுபது அடிதான் தள்ளி நிற்க முடியும். கேமராவை மட்டமாக வைத்தால், 75 மி.மீ. லென்ஸில் அந்தத் தூரத்தில் லென்ஸ் மட்டத்துக்கு மேலே சுமார் 22 அடி தெரியும். கீழேயும் அதே 22 அடி. கீழ்ப்பாதியில் இருப்பது என்ன? தார்ச்சாலையும் புல்லும்தான். மேலேயோ, சாலையைவிட உயரத்தில் நிற்கும் குடோனின் உச்சி லென்ஸ் மட்டத்திலிருந்து 27 அடி. ஐந்து அடி வெட்டுப்படுகிறது. இப்போது லென்ஸை 20 மி.மீ. மேலே ஏற்றினால் பார்வை அப்படியே 16 அடி உயரும். சாலை கீழே கழன்றுபோகும், உச்சியும் அதற்கு மேல் கொஞ்சம் வானமும் உள்ளே வரும். விரல்கடை அளவு நகர்வுக்குப் பதினாறு அடி.

35 மி.மீ. கேமராக்களுக்கு இந்த வகை லென்ஸை 1960-களின் தொடக்கத்திலேயே நிக்கான் கொண்டுவந்துவிட்டது. 1973-ல் கேனான் சாய்க்கவும் முடிகிற லென்ஸை வெளியிட்டது. அந்தச் சாய்வு வேறு விஷயம். ஊரைப் பொம்மை ஊராகக் காட்டும் படங்கள் இணையத்தில் சுற்றுகின்றனவே, அது அந்த வித்தை. மீடியம் ஃபார்மேட்டில்தான் இந்த லென்ஸ்கள் அரிது. ஃபிலிம் பெரிதானால் வட்டமும் பெரிதாக வேண்டும், கண்ணாடியும் கனக்கும், விலையும் ஏறும். பென்டாக்ஸில் இந்த 75, மமியா 645-க்கு ஒரு 50, ரோலைக்கு ஒரு 55, உக்ரைனின் கீவ் நகரத்திலிருந்து வந்த சில என்று ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஹாசல்பிளாடு வேறு வழியில் போனது. வழக்கமான லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் பி.சி. முட்டார் என்ற நகரும் கன்வர்ட்டரைக் கொடுத்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் கட்டடக்கலைப் படம் எடுப்பவர்கள். கல்யாண ஸ்டுடியோக்காரர் வாங்குவதற்கு நியாயமே இல்லை. அவர் மனைவி அப்போதே அப்படித்தான் சொன்னாராம்.

இந்தப் பிடிவாதத்துக்கு நம்மூரிலேயே ஒரு முன்னோடி உண்டு. லின்னேயஸ் ட்ரைப், கம்பெனி ராணுவத்தில் கேப்டன், மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர். 1857 கடைசியிலும் 1858-லும், ஓரடிக்கும் மேல் நீளமான காகித நெகட்டிவ்களையும் பெட்டிபோன்ற கேமராவையும் தூக்கிக்கொண்டு தமிழகம் முழுக்க அலைந்தார். மதுரை, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சை என்று வெளியான அவருடைய தொகுதிகளில் ஒன்று, அன்றைய சேலம் மாவட்டத்தின் ராயக்கோட்டையும் சுற்றுப்புறங்களும். தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்ததுதான் உச்சம். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கும் நீளமான ஒரே படமாக்கினார். ஒரு துண்டில் கேமரா கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அடுத்த துண்டோடு எழுத்து வரி சேராது. ஒவ்வொரு முறையும் சுவருக்கு நேர் எதிரே, அதே மட்டத்தில் நிறுத்தியாக வேண்டும். அழகுக்காகச் செய்த வேலை இல்லை அது. பின்னால் வருபவர்கள் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. இரண்டே வருடத்தில், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று கவர்னர் ட்ரெவெல்யன் நிறுத்தச் சொல்லிவிட்டார். நல்லவேளை, அதற்குள் தஞ்சை முடிந்திருந்தது.

சேலத்துக்காரருக்கு மூட்டை தூக்க ஆள் வேண்டும். டிப்ளமோ சிவில் படிக்கும் மகள் வயிற்றுப் பேரன் கூட வந்தான். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறும் வரை அவன் சொல்லிக்கொண்டே வந்தது ஒன்றுதான்.

"தாத்தா, போன்ல எடுத்துட்டு ஆப்ல ஒரு கோட்டை இழுத்தா நேராயிடும். இதுக்கு எதுக்கு இவ்வளவு வெயிட்டு?"

"நேராயிடும்டா கண்ணு. ஆனா, எது நேரா இருந்துச்சு, எது நெஜமாவே சாஞ்சிருந்துச்சுன்னு அப்புறம் யாருக்குத் தெரியும்?"

பேரன் சொன்னதிலும் பாதி நியாயம் உண்டு. வாட்ஸ்அப்பில் போடுவதற்கு ஆப் போதும். ஆனால், ஆப் செய்வது படத்தின் மேல்பகுதியை இழுத்து அகலமாக்குவது. இழுத்த இடம் தெளிவு குறையும், ஓரங்கள் வெட்டுப்படும், உயரத்துக்கும் அகலத்துக்குமான விகிதம் மாறும். இதைவிடப் பெரிய விஷயம், அது எதை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது என்பது. சுவரின் ஓரக் கோட்டைக் காட்டி 'இதை நேராக்கு' என்கிறோம். அது சுவரை வைத்தே சுவரை அளக்கிறது. ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்திய கேமராவுக்குச் சுவரைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. அதற்குத் தெரிந்தது ரசமட்டத்தின் குமிழி மட்டும்தான். தூக்குக்குண்டைப்போல அதுவும் பூமியின் இழுப்பைத்தான் கேட்கிறது.

மலையில் இந்தக் குமிழி இல்லாமல் ஒன்றும் நடக்காது. தொடுவானம் கிடையாது, சாலை ஒரு பக்கம் சரியும், படிக்கட்டு இன்னொரு பக்கம் ஏறும், நடுவில் பனிமூட்டம் வேறு. கண் தானாகவே சரிவை மட்டம் என்று நம்பிவிடும். அவர் ஸ்டாண்டின் கால்களைச் சாலையோரத்தில் ஊன்றி, கொத்தனார் ரசமட்டம் ஒன்றைக் கேமராவின் முதுகில் செங்குத்தாகவும் தலையில் படுக்கையாகவும் வைத்துப் பார்த்து, அரை மணி நேரம் செலவழித்தார். பிறகு லென்ஸை ஏற்றினார். ஒளியின் அளவை அதற்கு முன்பே பார்த்துக் குறித்துக்கொண்டுவிட வேண்டும். லென்ஸ் நகர்ந்த பிறகு கேமராவின் மீட்டர் சொல்வதை நம்ப முடியாது.

வியூஃபைண்டரில் கட்டம் போட்ட திரை. முகப்புச் சுவர் அதில் வந்து உட்கார்ந்தது. இடது ஓரம் கட்டத்தின் கோட்டோடு அப்படியே ஒட்டி நின்றது. வலது ஓரம் நிற்கவில்லை. மேலே போகப் போகக் கோட்டை விட்டு வெளியே விலகியது.

குமிழியைப் பார்த்தார். சரியாக இருந்தது. ஸ்டாண்டை இறக்கி, மறுபடி முதலிலிருந்து நிறுத்தினார். பேரனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சுவர் வெளிய தள்ளியிருக்கு தாத்தா" என்றான். சரிவுப் பக்கத்து மூலை அது. பக்கத்தில் போய்ப் பார்த்தபோது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு, அதில் பாசி. அதுவரை வந்த எந்தப் போன் படத்திலும் இது தெரிந்திருக்கவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. அண்ணாந்து எடுத்த படத்தில் இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சாயும். வலது மூலையோ நிஜத்தில் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு, அந்த ஓரம் மட்டும் மற்றதைவிட நேராகத் தெரிந்திருக்கிறது. சுவர் பலமிழந்துவிட்டது என்று எஸ்டேட்காரர்கள் சொன்னது சாக்கு இல்லை.

சில்வர் ஓக் வேரா, மழைத்தண்ணீர் ஓட வழியில்லாமல் மண் ஊறிப்போனதா, அன்றைக்கே அடிவாரம் சரியாகப் போடவில்லையா? அந்தக் கடைசிக் கேள்வியைப் பேரன் கேட்கவில்லை. தாத்தாவின் மனதில் அது வந்து போயிருக்கும் என்பதற்கு, அவர் அந்த மூலையை விட்டு நகராமல் நின்ற நேரமே போதும்.

திரும்பி வந்து கேமராவின் கைப்பிடியில் கை வைத்தார். அவர் கல்யாண வீடுகளில் ஆயிரம் மாறுகண்ணையும் தெற்றுப்பல்லையும் கோணம் பார்த்து மறைத்துக் கொடுத்தவர். இங்கே என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு ஒரு நொடியில் தெரியும். லென்ஸைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கேமராவை நாலைந்து டிகிரி அண்ணாந்தால் போதும். வலது மூலை கோட்டோடு சேர்ந்துவிடும். இடது பக்கம் சற்று உள்ளே சாயும், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்பாவின் சுவர் நேராக நிற்கும், படத்தில் மட்டுமாவது.

மூட்டம் வந்து குடோனை மூடியது. பத்துப் பதினைந்து நிமிடம் யாரும் எதுவும் செய்ய முடியாது. அது விலகியபோது, "மேனேஜர்கிட்ட கேட்டு ஒரு கயிறு வாங்கிட்டு வாடா" என்றார். கொத்தனார் நூல் அறுபது அடி தூரத்தில் ஃபிலிமில் விழாது. விரல் தடிமனில் வெள்ளை நைலான் கயிறு கிடைத்தது. மிளகு பறிக்கும் மூங்கில் ஏணியைச் சாத்தி, எஸ்டேட் ஆள் ஒருவர் மேலே ஏறி, வலது மூலையின் உச்சிக் கல்லில் கயிற்றைக் கட்டிவிட்டார். கீழ் நுனியில் ஒரு கல். கயிறு ஆடி ஆடி நிற்கும் வரை மூன்று பேரும் பேசவில்லை. நின்றபோது, தரைக்குப் பக்கத்தில் கயிற்றுக்கும் சுவருக்கும் நடுவே அரை அடிக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி இருந்தது. பேரன் டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டான்.

கயிறு இல்லாமல் ஐந்து, கயிற்றோடு ஐந்து. பத்திலும் கேமரா மட்டமாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்தக் கேமராவின் கண்ணாடி 'டப்'பென்று அடிக்கும் சத்தத்துக்குக் களத்துக் கோழிகள் சிதறி ஓடின.

சேலத்துக்கு வந்து அவரே பாத்ரூமை இருட்டாக்கி ஃபிலிமைக் கழுவினார். கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்பதால் அது கைப்பழக்கத்திலேயே வந்துவிட்டது. கயிறு இல்லாத படம் ஒன்றை எஸ்டேட்டுக்குக் கொடுத்தனுப்பினார். கயிறு உள்ள படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, கடைவீதியில் ஃபிரேம் கடைக்குக் கொண்டுபோனார். கடைப் பையன் பார்த்துவிட்டு, "ஐயா, குறுக்கால ஒரு கயிறு தொங்குதுங்களே. ஸ்கேன் பண்ணி எடுத்துடட்டுங்களா? அஞ்சு நிமிஷம்தான்" என்று கேட்டான்.

"கயிறு இருக்கட்டும்பா" என்றவர், சுற்றி வரும் மவுண்ட் அட்டை வலது ஓரத்தில் கயிற்றை மறைத்துவிடாமல் வெட்ட வேண்டும் என்று அளவு குறித்துக் கொடுத்துவிட்டு, அட்வான்ஸாக இருநூறு ரூபாயும் வைத்துவிட்டு வந்தார்.